தெருவை ஓரத்திலிருந்து அளப்போம்

நம் ஊர்களில் தெருவுக்கான வரைபடம் பெரும்பாலும் நடுக்கோட்டில்தான் தொடங்குகிறது. நடுவில் ஒரு கோடு, அதன் இருபுறமும் வண்டிகள் ஓடத் தார்ப்பரப்பு, அதற்கு வெளியே மழைநீர் வடிகால். இவ்வளவும் போக, வடிகாலுக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஏதாவது மிஞ்சினால் அது நடைபாதை. மிஞ்சாவிட்டால் வடிகாலின் மேல் போட்ட சிமென்ட் மூடியே நடைபாதை. அந்த மிச்சத்தில்தான் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், கடையின் படிக்கட்டு இறங்கும், குப்பைத் தொட்டி உட்காரும். இதில் யாருடைய சதியும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும், கேள்வி கேட்காமல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஆனால் எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதே யாருக்கு இடம் உறுதி, யாருக்கு மிச்சம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அளவுநாடாவை மதில்சுவரில் வைத்து உள்நோக்கி இழுத்தால், அதாவது நடப்பவருக்கும் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு மற்ற வண்டிகளுக்கு மீதியைக் கொடுத்தால், தெரு நடப்பவருக்கு மட்டுமல்ல, காரில் போகிறவருக்கும் இப்போதைவிட நன்றாக இருக்கும். இதைக் கருணை என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் போட்டாலே தெரியும்.

இந்தக் கணக்கு சென்னைக்குப் புதிதும் அல்ல. 2014 அக்டோபரில் மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படி ஒன்றை முதலில் ஏற்றது சென்னைதான். போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஆன வேலைகளுக்குப் போக வேண்டும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும், நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் சாலையில் சாவது அறவே நிற்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. 2018 வந்தது, போனது. சில சாலைகளில் அகலமான, நல்ல நடைபாதைகள் வந்தன. தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. இந்த வேலைகள் மெய்யானவை, குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் இலக்கு எட்டாத தூரத்தில் நின்றது. பணம் போதவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், கொள்கை ஒரு பக்கம் இருக்க, தெருவை அளக்கும் வரிசை மாறவில்லை என்பது.

ஓர் அறுபதடிச் சாலையை எடுத்துக்கொள்வோம். பஸ் போகும், இருபுறமும் கடைகள் இருக்கும், நடுத்தர அளவுள்ள எந்தத் தமிழக நகரத்திலும் இப்படி ஒன்று உண்டு. மதிலிலிருந்து மதிலுக்குச் சுமார் 18 மீட்டர். நம் நாட்டு விதிப்படி ஒரு பஸ்ஸின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர், எனவே திசைக்கு ஒன்றாக 3.25 மீட்டரில் இரண்டு தடங்கள் போதும். அது 6.5 மீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்துபோகத் தேவையான அகலம் அது. கடைத்தெரு என்பதால் இருபுறமும் 2.5 மீட்டராகவே கொடுப்போம். 5 மீட்டர் ஆயிற்று. நடைபாதைக்கும் வண்டித் தடத்துக்கும் நடுவே இருபுறமும் 2.25 மீட்டரில் ஒரு பட்டை விடுவோம். மரம், மின்பெட்டி, விளக்குக் கம்பம், தள்ளுவண்டிக் கடை, ஆட்டோ நிறுத்தம், பஸ் நிழற்குடை, டூவீலர்களும் சில கார்களும் நிற்க இடம் என்று இன்று நடைபாதையில் சண்டை போடுகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டையில் வீடு கிடைக்கும். அது 4.5 மீட்டர். மொத்தம் 16. இன்னும் 2 மீட்டர் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் சைக்கிள் பாதைக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் நடைபாதையை அகலமாக்கலாம். அறுபதடியில் இவ்வளவு அடங்கும். அடங்காதது ஒன்றே ஒன்று: இரண்டாவது, மூன்றாவது கார் தடம்.

அந்தக் கூடுதல் தடம் போனால் போக்குவரத்து நெரியாதா என்பதுதான் உடனே எழும் கேள்வி. இன்று அந்த 18 மீட்டரில் நடப்பதைப் பார்த்தால் விடை தெரியும். கோடு எதுவும் போடாத 12, 13 மீட்டர் தார்ப்பரப்பு; ஓரிடத்தில் மூன்று வண்டிகள் இணையாகப் போகலாம், அடுத்த ஐம்பது மீட்டரில் நிறுத்திய கார்களால் ஒன்றுதான் போகலாம், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர் தார் வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். குடம் எவ்வளவு பெருத்திருந்தாலும் வாயின் அளவுக்குத்தான் தண்ணீர் ஊற்றும். சாலையும் அதன் மிகக் குறுகலான இடத்தின் அளவுக்குத்தான் வண்டிகளை அனுப்பும். மீதி அகலமெல்லாம் முந்தவும், பின் மீண்டும் உள்ளே நுழைய முட்டிமோதவும் மட்டுமே பயன்படுகிறது. பெங்களூரில் 'டெண்டர் ஷூர்' என்ற பெயரில் நகரின் மையச் சாலைகள் சிலவற்றை மாற்றியமைத்தபோது அடிப்படையாகக் கொண்ட விதிகளில் ஒன்று இதுதான்: தொடக்கம் முதல் முடிவு வரை வண்டித் தடத்தின் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும், கூடுதலாகக் கிடக்கும் இடம் நடைபாதைக்குப் போக வேண்டும். சாலையைக் குறுக்கிவிட்டார்கள் என்று அங்கே கடுமையான விமர்சனம் எழுந்தது. தார் குறைந்தது உண்மை. ஆனால் போனதில் பெரும்பகுதி, ஒரு வண்டியும் ஒழுங்காகப் பயன்படுத்தாத தார்.

இன்னொரு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு சாலை மணிக்கு எத்தனை வண்டிகளைக் கடத்துகிறது என்பதையே நாம் அதன் திறன் என்கிறோம். தெருவில் பயணம் செய்வது மனிதர்கள். வண்டி வெறும் உறை. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசியச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வடிவமைப்புக் கையேடு, ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத் தடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது மணிக்கு எத்தனை பேரைக் கடத்தும் என்று ஒப்பிடுகிறது. சொந்த வாகனங்கள் மட்டும் போனால் 600 முதல் 1,600 பேர். அதே அகலம் பஸ்ஸுக்கு மட்டும் என்றால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதை என்றால் 9,000 பேர். அவை அமெரிக்க எண்கள். டூவீலர் நிறைந்த நம் சாலையில் சொந்த வாகனக் கணக்கு சற்றே கூடலாம். ஆனால் பல மடங்கு வித்தியாசத்தை டூவீலர் நிரப்பிவிடாது. ஆகவே அறுபதடிச் சாலையில் ஒரு கார் தடத்தை எடுத்துவிட்டு நடைபாதையை அகலமாக்குவது அதன் திறனைக் குறைப்பது ஆகாது, கூட்டுவதுதான். கடைத்தெருவில் மாலை நேரத்தில் நடப்பவர்களின் எண்ணிக்கை கார்களில் இருப்பவர்களைவிடப் பெரிது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. தியாகராய நகருக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் போன எவருக்கும் தெரியும்.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது எத்தனை பஸ், எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறோம்; ஒவ்வொரு பஸ் பயணத்துக்கும் இரண்டு முனையிலும் ஒரு நடை இருப்பதை மறந்துவிடுகிறோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்றாயிற்று. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் இருட்டில், பள்ளத்தையும் நிறுத்திய வண்டிகளையும் சுற்றிக்கொண்டு தார்ச்சாலையில் இறங்கி நடக்கும் அரைக் கிலோமீட்டர் அப்படியே இருக்கிறது. நிறுத்தத்திலும் அதே கதைதான். நிழற்குடையின் முன்னால் ஆட்டோக்களும் டூவீலர்களும் நிற்பதால் பயணிகள் சாலைக்குள் இறங்கி நிற்கிறார்கள். அவர்கள் அங்கே நிற்பதால் பஸ் ஓரத்துக்கு வராமல் நடுத்தடத்தில் நிற்கிறது. அது நடுவில் நிற்பதால் பின்னால் வருகிறவர்கள் இடதுபக்கம், இறங்கும் பயணிகளுக்கும் ஓரத்துக்கும் நடுவே, புகுந்து போகிறார்கள். இதற்கு ஓட்டுநரைத் திட்டுவது வழக்கம். ஆனால் தீர்வு ஓரக்கல்லில் இருக்கிறது. மேலே சொன்ன 2.25 மீட்டர் பட்டையை நிறுத்தம் வரும் இடத்தில் மட்டும் நடைபாதையோடு சேர்த்து உயர்த்தி, அதன் விளிம்பை பஸ் போகும் தடத்தோடு ஒட்டவைத்தால் போதும். பஸ் வளைந்து உள்ளே போகவும் வேண்டாம், வெளியே வர இடம் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். பயணி தரையோடு தரையாக ஏறலாம். இடதுபக்கம் புகுந்து போக இடமே இருக்காது. பஸ் நிற்கும் அந்தச் சில வினாடிகள் பின்னால் வரும் காரும் நிற்கத்தான் வேண்டும். பஸ்ஸில் அறுபது பேரும் காரில் ஒருவரும் இருக்கையில் அது நியாயமான வரிசையே.

அகலத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவுதான் இதில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய 75,000 பேர் டூவீலரில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடு முதலிடம், சாவில் இரண்டாமிடம். வண்டியின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65-ஆகும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது. வேகத்தைப் பலகையால் கட்டுப்படுத்த முடியாது. பகலில் நெரிசல் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரவு பத்தரைக்கு மேல் அதே பதின்மூன்று மீட்டர் வெற்றுத் தார், ஓட்டுபவரின் காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்தச் சொல்லும். கடப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். வயதான ஒருவர் வினாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 13 மீட்டரைக் கடக்க 13 வினாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் ஏறத்தாழ 145 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் இருக்கும் வண்டியின் வேகத்தை அவர் கண்ணால் கணித்தாக வேண்டும். தடம் 6.5 மீட்டர் என்றால் பாதி நேரம், பாதித் தூரம். முனைகளும் அப்படித்தான். தெருமுனையைப் பெரிய வளைவாகச் செதுக்கினால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் நீளும். முனையை இறுக்கினால் இரண்டும் குறையும், செலவு சில ஓரக்கற்கள். நாம் இதற்கெல்லாம் பதிலாக அறிந்து வைத்திருக்கும் ஒரே மருந்து, ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும், முதுகெலும்பைச் சோதிக்கும் வேகத்தடை. அதைவிட, நடைபாதையின் உயரத்துக்கே மெல்லிய சரிவோடு சாலையை ஏற்றி, அந்த மேடையின் மேல் ஜீப்ரா கோடு போடுவது நல்லது. அங்கே நடப்பவர் இறங்க வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

சைக்கிளைப் பற்றி நம் கொள்கைகள் பேசுவது அதிகம், தெரு கொடுப்பது குறைவு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் இலவசமாக சைக்கிள் தருகிறது. லட்சக்கணக்கான சைக்கிள்களைக் கொடுத்துவிட்டு, அவற்றை ஓட்ட லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓரடி இடம் விட்டிருக்கிறோம். எல்லாத் தெருவிலும் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டியதில்லை. வண்டிகள் முப்பதுக்குள் போகும் தெருவில் சைக்கிள் வண்டிகளோடு கலந்தே போகலாம். வேகமும் பஸ்ஸும் உள்ள சாலையில்தான் பிரிப்பு வேண்டும், அங்கே வெறும் பெயின்ட் கோடு போதாது. பெயின்ட் கோடு ஒரு வாரத்தில் பார்க்கிங் ஆகிவிடும். ஓரக்கல்லோ மரப்பட்டையோ நடுவில் இருந்தால்தான் அது பாதை.

இதுவரை சொன்னது அகலமான சாலைக்கு. நம் ஊர்களில் பெரும்பாலானவை இருபதடி, முப்பதடித் தெருக்கள். இவற்றிலும் நடைபாதை கட்ட வேண்டும் என்று இலக்கு வைப்பது, என் பார்வையில், தவறான இடத்தில் நல்லெண்ணம். இருபதடித் தெருவில் இருபுறமும் மூன்றடி மேடை எழுப்பினால் அதில் எவரும் நடக்கப்போவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அது சரிவாக உடைபடும், மிஞ்சும் இடத்தில் பைக் ஏறும். அங்கே செய்ய வேண்டியது முழுத் தெருவையும் நடைபாதையாகக் கருதி, வண்டியை விருந்தாளியாக அனுமதிப்பது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் கடைசியில் தொடங்கிய 'வோன்எர்ஃப்' குடியிருப்புத் தெருக்கள் இந்த வகைதான்: மேடு பள்ளம் இல்லாத ஒரே தளம், நேராகப் பாய முடியாதபடி மரங்களும் திட்டுகளும், நடப்பவர் போகும் வேகத்துக்கு ஈடான வண்டி வேகம். 1976-இல் அதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள். அவர்கள் நாடு வேறு, பழக்கம் வேறு என்று சொல்பவர்கள், 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர்கள் வீதியில் இறங்கிய பிறகுதான் அங்கே தெருக்கள் வேகமாக மாறின. நம் குறுந்தெருக்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டே தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் போய், மழைநீர் வாசலுக்குள் வருகிறது. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். தெருவும் வாசலும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் பொதுத்தளம் என்ற பேச்சே எழும்.

குறுந்தெருவில் வண்டி குறைவதால் என்ன கிடைக்கும் என்பதை டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1970-களை ஒட்டி சான் பிரான்சிஸ்கோவில் அளந்தார். ஒரே மாதிரியான மூன்று தெருக்கள். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் வசித்தவர்களுக்குத் தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள்; வண்டி மிகுந்த தெருவில் ஒருவருக்கும் குறைவு. திண்ணைகளை நாம் இடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று அந்த எண்களில் இருக்கிறது.

எதிர்ப்புகளில் வலுவானது கடைக்காரர்களுடையது. வாசலில் கார் நிற்க இடம் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்கிறார்கள். ஒரு கார் நிற்க 12.5 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. அதே இடத்தில் ஐந்தாறு டூவீலர்கள் நிற்கும், பத்து சைக்கிள்கள் நிற்கும். அந்தக் காரும் பல நேரம் வாடிக்கையாளருடையதே அல்ல. காலையில் நிறுத்தி இரவு எடுக்கும் கடை உரிமையாளருடையது. கட்டணம் வைத்தால் இடம் சுழலும், உண்மையில் வாங்க வருகிறவருக்கு இடம் கிடைக்கும். பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தபோது அருகில் பலமாடி வாகன நிறுத்தமும் கட்டினார்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் வேலை. நடைபாதை வியாபாரிகளை அகற்றினால் போதும் என்பது இன்னொரு வாதம். 2014-ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு வாழ்வாதாரப் பாதுகாப்பும் வியாபார மண்டலமும் தரச் சொல்கிறது. நடக்கும் 2.5 மீட்டரை விட்டுவிட்டு, பட்டையில் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால் இரவில் தெருவுக்குக் கண்ணும் வெளிச்சமும் கிடைக்கும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி பற்றிய கவலை நியாயமானது. ஆனால் நிறுத்திய வண்டிகள் இல்லாத 6.5 மீட்டர் தடம், நிறுத்திய வண்டிகள் நிறைந்த 13 மீட்டரைவிட அவற்றுக்கு வேகமான வழி.

சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் மெலிந்துகொண்டே வருகிறது. ஜில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுவதைக் கண்டார்கள். அது நெடுஞ்சாலைகளைப் பற்றியது, உள்ளூர்த் தெருவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம் கட்டிய எந்த நகரமும் இனி போதும் என்று நிறுத்தியதாகத் தெரியவில்லை.

சட்டம் இப்போது நடப்பவர் பக்கம் வந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. மாநிலங்கள் அதற்கான வழிகாட்டு நெறிகளை வகுக்கவும் உத்தரவிட்டது. தீர்ப்பு நடைபாதையைக் கேட்கலாம், வரைந்து தர முடியாது. அதை வார்டு பொறியாளர்தான் வரைய வேண்டும், அதுவும் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் கேபிள்காரர்களும் ஆளுக்கொரு தேதியில் தோண்டாதபடி, குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடைபாதையின் அடியில் திறந்து மூடும் அறைகள் வைத்து. இதற்குச் செலவு அதிகம் என்பது உண்மை. அதனால்தான் முதலில் கட்டாமல் சோதித்துப் பார்க்கலாம். பாண்டி பஜாரில் கல் பதிக்கும் முன் தடுப்புகளை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். எந்த நகராட்சியும் ஓர் அறுபதடிச் சாலையில் பெயின்ட்டும் கூம்புத் தடுப்புகளும் சில தொட்டிச் செடிகளும் வைத்து, மேலே சொன்ன அளவில் ஒரு மாதம் பிரித்துவிடலாம். அதற்கு முன்னும் பின்னும் மூன்றை எண்ண வேண்டும்: மணிக்கு எத்தனை மனிதர்கள் கடந்தார்கள், பஸ் அந்த நீளத்தைக் கடக்க எத்தனை நிமிடம் எடுத்தது, கடைகளின் மாலை வியாபாரம் என்ன ஆயிற்று. எண்கள் கடைக்காரர்களின் அச்சத்தை மெய்ப்பித்தால் கூம்புகளை எடுத்துவிட ஓர் இரவு போதும்.